உயரமான கூடத்தின் வெற்றுச் சுவர்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கூடத்தின் உயரம் 18 அடி. சுவரின் நடுவில் மாட்டிய ஓவியம் அந்தரத்தில் தொங்குவதுபோல் தெரிகிறது. ஏன்?

பதில்: சுவரின் நடுவைக் கணக்கிட்டதே காரணம். கூரை எவ்வளவு உயர்ந்தாலும் நிற்பவரின் கண்மட்டம் உயர்வதில்லை. ஆகவே, படத்தின் மையம் தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் அமையுமாறு மாட்டுவதே பரவலான வழக்கம். சோபாவுக்கு மேலே மாட்டுவதானால், அதன் முதுகுக்கும் சட்டத்தின் அடிவிளிம்புக்கும் இடையே 6 முதல் 8 அங்குலம் விட்டு, படத்தின் அகலம் சோபாவின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருக்கும்படி தேர்ந்தெடுத்தால், இரண்டும் ஒரே தொகுதியாகக் கண்ணில் படும்.

கேள்வி: அப்படியானால் மேற்பகுதி முழுவதும் காலியாகக் கிடக்குமே?

பதில்: கிடக்கட்டும். உயரமான அறைக்கு அழகே அந்த வெளிதான். அதை இட்டு நிரப்ப முற்படுவதில்தான் பெரும்பாலான அலங்காரங்கள் கெட்டுப்போகின்றன. வெறுமை உறுத்தினால், கதவின் மேல்விளிம்பு மட்டத்தில் ஒரு மெல்லிய மரப்பட்டியை ஓடவிட்டு, அதற்குக் கீழே சற்று அடர்ந்த வண்ணமும் மேலே வெளிர் வண்ணமும் பூசிப் பாருங்கள். புழங்கும் பகுதிக்கு ஓர் எல்லை கிடைத்துவிடும்.

கேள்வி: பெரிய ஓவியம் வாங்க வசதியில்லை. சிறிய படங்கள் பல உள்ளன.

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம்; ஆனால் சுவரெங்கும் இறைக்கக் கூடாது. 2 அல்லது 3 அங்குல இடைவெளியில் நெருக்கி, மொத்தத்தையும் ஒரே பெரிய படமாகக் கருதி, அந்தத் தொகுதியின் மையத்தையே கண்மட்டத்தில் வையுங்கள். ஒவ்வொரு சட்டத்தின் அளவிலும் பழைய செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டொரு நாள் பார்த்த பிறகு ஆணி அடித்தால் வீண் துளைகள் விழா.

கேள்வி: பேசினால் கூடம் எதிரொலிக்கிறது. அலங்காரத்தால் அதைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும், பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். பூச்சுச் சுவர், கண்ணாடி, கல் தரை ஆகியவை ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புவதால்தான் அது அறைக்குள்ளேயே சுழல்கிறது. கண்ணாடியிட்ட படங்களை எத்தனை மாட்டினாலும் இது தீராது. கனமான நெய்த தொங்கலையோ கம்பளத்தையோ, சுவரோடு ஒட்டாமல் ஓரிரு அங்குலம் தள்ளி மாட்டினால், பின்னாலுள்ள காற்றிடைவெளியும் சேர்ந்து ஒலியை உறிஞ்ச உதவும். மெல்லிய துணி பார்வைக்கு மட்டுமே. நேர்வெயில் படும் சுவரில் சாயம் வெளுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: விளக்கொளியை மட்டும் வைத்து அலங்கரிக்கலாமா?

பதில்: கூரை விளக்குகளைச் சுவரிலிருந்து, அதன் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரம் தள்ளி அமைத்தால் ஒளி சீராகப் பரவும். சுவரை ஒட்டி வைத்தால் கற்சுவரின் சொரசொரப்பு எடுப்பாகத் தெரியும். பூச்சுச் சுவராயின் கொத்தனாரின் கரண்டித் தடம் ஒவ்வொன்றும் தெரிந்துவிடும்.

கேள்வி: ஆளுயரக் கண்ணாடியை ஒட்டுநாடாவில் நிறுத்தலாமா?

பதில்: கூடாது. செங்கல் சுவரில் துளையிட்டு, எடைக்கேற்ற பிளக்கும் (துளைக்குள் திருகாணியை இறுகப் பிடிக்கும் உறை) திருகாணியும் இட்டு, இரண்டு இடங்களிலாவது தாங்கல் கொடுக்க வேண்டும். ஜிப்சம் பலகைத் தடுப்புச் சுவரானால் பலகையை நம்பாமல் உள்ளிருக்கும் சட்டத்தைக் கண்டறிந்து அதில் முடுக்குங்கள். எட்டாத உயரத்தில் எதை மாட்டுவதானாலும், தூசி தட்டவும் பல்பு மாற்றவும் யார், எந்த ஏணியில் ஏறுவார் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.