ஆந்த்ரசைட் அடுப்பு: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

பென்சில்வேனியால ஹேசல்டன் பக்கம் இருக்கேன். பேஸ்மென்ட்ல கையால கரி போடுற அடுப்பு, நட் சைஸ் ஆந்த்ரசைட் (கல்லு மாதிரி கெட்டியான நிலக்கரி), குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு அதுதான் சூடு. ஆளாளுக்குத் தனியா மெசேஜ் அனுப்பிக் கேக்குறதால எல்லாரும் இங்கயே கேட்டுடுங்க. விறகு, பெல்லட் பத்தி எனக்குப் பெருசா தெரியாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் வீட்ல இல்லாதவங்க முதல்ல அதை வாங்கி மாட்டிட்டு அப்புறம் வந்து கேளுங்க.

கேள்வி: அக்கா, அலென்டவுன்ல பழைய வீடு வாங்கியிருக்கோம், கீழ ஒரு நிலக்கரி அடுப்பு இருக்கு. ரைஸ், பக், பீ, நட்னு என்னென்னவோ சொல்றாங்க. எதை வாங்குறது?

பதில்: அடுப்பைப் பாத்துட்டுத்தான் சைஸ் சொல்ல முடியும். மேல ஹாப்பர், அதாவது கரி கொட்டி வைக்கிற தொட்டி இருந்து, மோட்டார் கரியைத் தள்ளி, ஃபேன் காத்து ஊதுதுன்னா அது ஸ்டோக்கர். அதுக்கு ரைஸ், சில மாடலுக்கு பக். கதவைத் தொறந்து நீங்களே அள்ளிப் போடுற அடுப்புன்னா நட், சின்ன அடுப்புன்னா பீ கூட ஓடும். ரைஸ் சுமாரா கால் இஞ்ச் தான் இருக்கும், அதைக் கையடுப்புல போட்டீங்கன்னா கொஞ்சம் கிரேட் (கரியைத் தாங்குற கம்பித் தட்டு) வழியா கீழ கொட்டிடும், மீதி அடைச்சுக்கிட்டுக் காத்தை விடாது. நட் முக்கால் இஞ்சுக்குக் கொஞ்சம் மேல இருந்து ஒன்றரை இஞ்சுக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் வரும், துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல சந்து கிடைக்கும். ஃபேன் இல்லாத அடுப்புல அந்த சந்துதான் எல்லாம்.

பழைய வீடுங்கறீங்க, சிம்னியை ஆள் வெச்சு செக் பண்ணாம ஒரு துண்டு கூடப் போடாதீங்க. அதே ஃப்ளூல, அதாவது சிம்னிக்குள்ள இருக்கற புகைப்பாதைல, ஆயில் ஃபர்னஸும் சேர்ந்திருந்தா வேண்டவே வேண்டாம், ஒரு ஃப்ளூவுக்கு ஒரு அடுப்பு.

கேள்வி: ஸ்க்ரான்டன்ல இருக்கேன் அக்கா. பத்தவெச்சா நல்லா எரியுற மாதிரி இருந்து ரெண்டு மணி நேரத்துல அணைஞ்சிடுது. கரி மட்டமான சரக்கா? வேற கம்பெனி மாத்தட்டுமா?

பதில்: கரி மேல பழி போடாதீங்க தம்பி. பத்துல ஒன்பது பேருக்குக் காத்துதான் பிரச்சனை.

விறகுக்கு மேல இருந்து காத்து வந்தாலும் எரிஞ்சுடும். ஆந்த்ரசைட் அப்படி இல்ல. அதுல 86 சதவீதத்துக்கு மேல வெறும் கார்பன், ஆவியாகி கொழுந்துவிட்டு எரியுற சரக்கு ரொம்பக் கம்மி, அதனால கீழ கிரேட் வழியா காத்து ஏறி துண்டு துண்டா தொட்டாத்தான் எரியும். இந்த ஊர்க்காரங்களுக்கே ஆரம்பத்துல இது பிடிபடல. கொல்லன் உலைல துருத்தி ஊதி எரிச்சாங்களே தவிர வீட்டு அடுப்புல எரியாத கல்லுன்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்க. வில்க்ஸ்-பேரில சத்திரம் நடத்தின ஜெஸ்ஸி ஃபெல்ங்கறவர் 1808 பிப்ரவரி 11 அன்னிக்கு இரும்புக் கம்பி கிரேட் மேல போட்டு, துருத்தி இல்லாமயே எரிச்சுக் காட்டினார். கரி அதே கரிதான், அடியில காத்துக்கு வழி விட்டார், அவ்ளோதான்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. கீழ இருக்கற சாம்பல் கதவைத் தொறந்து வெச்சுக்கோங்க. பேப்பர், காஞ்ச சின்ன விறகு போட்டு நல்லா தணல் வர்ற வரைக்கும் எரிய விடுங்க, வெறும் தீ பத்தாது, தணல் வேணும். அதுக்கு மேல நட் ஒரு கை மெல்லிசா தூவுங்க. கொஞ்ச நேரத்துல சடசடன்னு பொரியும், அப்புறம் துண்டுகளுக்கு நடுவுல சின்னச் சின்னதா நீல நாக்கு எட்டிப் பாக்கும். அதைப் பாத்த பிறகுதான் அடுத்த அடுக்கு. அவசரப்பட்டு ஒரு பக்கெட்டைக் கொட்டினீங்கன்னா அணைஞ்சிடும். இப்படியே ஏத்தி ஏத்தி ஃபயர் பிரிக் (அடுப்புக்குள்ள பதிச்ச சூடு தாங்குற செங்கல்) உசரம் வரைக்கும் நிரப்பணும். நீங்க அரைவாசி போட்டுட்டு "சிக்கனமா எரிக்கிறேன்"னு நிறுத்தியிருப்பீங்கன்னு நினைக்கிறேன். கரிப்படுகை ஆழமா இல்லன்னா தாங்காது. கம்மியா சூடு வேணும்னா காத்தைக் குறைங்க, கரியைக் குறைக்காதீங்க.

பத்திக்கிட்டதும் சாம்பல் கதவை மூடணும். தொறந்து வெச்சுட்டு மாடிக்குப் போய் ஒரு காபி போட்டீங்கன்னா திரும்பி வர்றதுக்குள்ள அடுப்பு செவசெவன்னு நிக்கும், கிரேட் வளைஞ்சு போகும், வீடும் போகலாம். கதவு தொறந்திருக்கற வரைக்கும் அடுப்பு முன்னாடியே உக்காருங்க.

கேள்வி: எனக்கும் அணையுது மேடம், ஆனா ராத்திரிலதான்.

பதில்: மேல இருக்கறதைப் படிங்க. கூடவே, சாம்பலை ஒழுங்கா உலுக்குறீங்களா பாருங்க. 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, சின்னச் சின்ன ஆட்டலா வேகமா உலுக்கணும், சாம்பல் பெட்டில செவப்புத் தணல் விழ ஆரம்பிச்சதும் நிறுத்திடணும். மேல இருந்து கம்பி விட்டுக் கிளறாதீங்க. விறகைக் கிளறினா எரியும், இதைக் கிளறினா செத்துடும்.

கேள்வி: புகையே வராதுன்னு சொல்றாங்களே, அப்புறம் எதுக்கு அலாரம் அலாரம்னு இவ்ளோ பயமுறுத்துறீங்க?

பதில்: புகை வராததாலதான். விறகுப் புகை வீட்டுக்குள்ள வந்தா கண்ணு எரியும், இருமல் வரும், எழுந்து ஓடுவோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசமும் இல்ல. தலைவலிக்குதுன்னு போய்ப் படுத்தவங்க எழுந்திரிக்கறதில்ல. அடுப்பு இருக்கற ஃப்ளோர்ல ஒண்ணு, படுக்கற ரூம் பக்கத்துல ஒண்ணு, பேட்டரில ஓடுறதா வாங்குங்க.

கேள்வி: நேத்து புதுக் கரி போட்டுக் கதவை மூடினேன், அஞ்சு நிமிஷத்துல டமால்னு சத்தம், பைப்பே ஆடிடுச்சு. பயந்துட்டோம்க்கா.

பதில்: தணல் முழுக்க மூடுற மாதிரி கரியைக் கொட்டியிருக்கீங்க. புதுக் கரி சூடாகும்போது கேஸ் விடும். எரிக்க ஒரு நெருப்பு மேல தெரியலன்னா அது சேர்ந்துக்கிட்டே இருந்து, எங்கயாவது ஒரு பொறி கண்டதும் மொத்தமா பத்திக்கும். ஒரு மூலையில செவப்புத் தணலைத் திறந்தே விடுங்க, அங்க நீல ஜ்வாலை ஆடிக்கிட்டு இருக்கணும். இப்போ பைப் ஜாயின்ட் எல்லாம் விலகியிருக்கான்னு பாருங்க, ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் மூணு ஸ்க்ரூ. அலாரம் இருக்கா?

கேள்வி: பாரோமெட்ரிக் டேம்பர் வைக்கலாமா, பைப்புக்குள்ள திருகுற சாதா டேம்பர் போதுமா?

பதில்: ரெண்டுமே சிம்னி இழுவையை அடக்குறதுக்குத்தான், ஆனா பாரோமெட்ரிக், சுருக்கமா பாரோ, அதை வைங்க. சிம்னி இழுவை, அதாவது அடுப்புக் காத்தை சிம்னி மேல இழுக்கற பலம், வெளிய காத்தடிக்கும்போது ஏறும், வெளிய குளிர் குறைஞ்சா இறங்கும். பாரோல இருக்கற தட்டு தானா ஆடி, இழுவை அதிகமானா ரூம் காத்தைக் கொஞ்சம் உள்ள விட்டு சமன் பண்ணிடும்.

ரெடிங்ல இருந்து ஒரு அண்ணா: குறுக்க பேசுறதுக்கு மன்னிச்சுக்கோம்மா. பாரோ பண்றது என்ன? காசு குடுத்து சூடாக்கின ரூம் காத்தை சிம்னி வழியா வெளிய அனுப்புது. நான் வருஷக்கணக்கா சாதா டேம்பர்தான், சூடு அடுப்புலயே நிக்குது.

பதில்: ரூம் காத்து போறது நிஜம்தான் அண்ணா, இல்லன்னு சொல்லல. ஆனா இழுவை கட்டுக்கடங்காம ஏறினா அடுப்பு சூடே நேரா சிம்னில போகுதே, அதை விட இது கம்மிதான். நீங்க சாயந்திரம் காத்து பலமா இருக்கும்போது டேம்பரைத் திருகி வெச்சுட்டுத் தூங்கப் போறீங்க, நடு ராத்திரி காத்து நின்னுடுச்சுன்னா யார் எழுந்து திருப்புவாங்க?

அதே அண்ணா: டேம்பர் தட்டுல ஓட்டை இருக்கும்மா, முழுசா அடைக்காது. உன் பாரோதான் பைப்புல பெரிய ஓட்டை. சிம்னி அடைச்சுக்கிட்டா கேஸ் அந்த வழியாத்தான் வீட்டுக்குள்ள வரும்.

பதில்: சிம்னி அடைச்சுக்கிட்டா எந்த டேம்பரும் காப்பாத்தாது, எல்லா ஜாயின்ட் வழியாவும் வரும். அதுக்குத்தான் கிடைமட்டமா போற பைப்பையும் முழங்கையையும் சீசன் நடுவுல ஒரு தடவை கழட்டி ஃப்ளை ஆஷை (பறந்து வந்து படியற நைசான சாம்பலை) தட்டச் சொல்றேன், அதுக்குத்தான் அலாரம்.

இன்னொருத்தர்: ரெண்டையும் வெச்சிருக்கேன், நல்லா ஓடுது.

பதில்: ஒண்ணு கேக்குறேன், இங்க சண்டை போடுற எத்தனை பேர் வீட்ல மானோமீட்டர் இருக்கு? பைப்புல ஓட்டை போட்டு குழாய் செருகி வெச்சா இழுவை எவ்ளோன்னு முள்ளோ திரவமோ காட்டிடும். பெரும்பாலான கையடுப்புக்கு மைனஸ் 0.04 இஞ்ச் (தண்ணி உசரத்துல அளக்குற அழுத்தம்) கிட்ட வெச்சா சரியா இருக்கும், உங்க மேனுவல்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. அளக்காம டேம்பர் பத்திப் பேசுறது வெறும் பேச்சு.

அதே அண்ணா: என் கிட்ட இருக்கு. 0.03.

பதில்: காத்தடிக்கும்போது பாத்துட்டு வந்து சொல்லுங்க அண்ணா.

கேள்வி: கடலூர்க்காரன் நான். நெய்வேலி கரியும் இதுவும் ஒண்ணா?

பதில்: நிலக்கரிக் குடும்பத்துல அந்தக் கடைசியும் இந்தக் கடைசியும். நெய்வேலில எடுக்கறது லிக்னைட், பழுப்பு நிலக்கரி, தோண்டி எடுக்கும்போது பாதிக்குப் பக்கமா ஈரம்தான், அதனாலதான் தூரமா கொண்டு போகாம பக்கத்துலயே அனல் மின் நிலையம் வெச்சு எரிக்கறாங்க. ஆந்த்ரசைட் மலை மடிப்புல நசுங்கி, சூடேறி கல்லா மாறினது, கைல எடுத்தா கண்ணாடி மாதிரி மினுக்கும், விரல்ல அவ்வளவா ஒட்டாது. அமெரிக்கால எடுக்கற ஆந்த்ரசைட் கிட்டத்தட்ட மொத்தமும் எங்க பக்கத்து சில கவுன்ட்டிகள்ல இருந்துதான். 1917 வாக்குல வருஷத்துக்குப் பத்து கோடி டன் வரைக்கும் எடுத்திருக்காங்க. ஆயிலும் கேஸும் வந்து வீட்டு அடுப்பைப் பிடிச்சுக்கிட்டதுல தேய்ஞ்சு போச்சு. 1959 ஜனவரில போர்ட் கிரிஃபித்ல நாக்ஸ் கம்பெனி சுரங்கத்தை சஸ்குஹானா ஆத்துக்கு அடியில ரொம்ப மெல்லிசா விட்டுத் தோண்டி, ஆறே உள்ள இறங்கிடுச்சு. 12 பேர் போனாங்க, உடம்பு கூடக் கிடைக்கல. வில்க்ஸ்-பேர் பக்கத்து ஆழச் சுரங்கங்கள் அதோட பெரும்பாலும் முடிஞ்சது. இப்ப வர்றது அதிகமும் மேல வெட்டி எடுக்கறது.

கேள்வி: கொடைக்கானல்ல வீடு இருக்கு, குளிருக்கு ஆந்த்ரசைட் வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம். அங்க அடுப்பும் கிடைக்காது, சிம்னியும் இருக்காது. சிம்னி இல்லாத ரூம்ல எந்தக் கரியும், சாதா அடுப்புக்கரி கூட, வெச்சுட்டுத் தூங்காதீங்க.

கேள்வி: அக்கா, சாம்பலைக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடலாமா? ஊர்ல அம்மா பாத்திரமும் தேய்ப்பாங்க.

பதில்: ஊர்ல அது விறகுச் சாம்பல்ம்மா. நிலக்கரிச் சாம்பல்ல செடிக்குப் பிரயோஜனமானது பெருசா ஒண்ணுமில்ல, ஆர்சனிக் மாதிரி வேண்டாத உலோகம் இருக்கும், சாப்பிடற செடிக்கும் பாத்திரத்துக்கும் கூடாது. ஐஸ் பிடிச்ச டிரைவ்வேல தூவுங்க, டயர் வழுக்காது, என்ன, செருப்புல ஒட்டிக்கிட்டு ஹால் வரைக்கும் வரும். மூடி போட்ட இரும்பு டப்பால, மரத் தரை மேல வைக்காம, நல்லா ஆற விட்டுக் கொட்டுங்க.

கேள்வி: செவப்புச் சாம்பல் கரி நல்லதா, வெள்ளைச் சாம்பல் கரி நல்லதா?

பதில்: செவப்பு வர்றது இரும்புச் சத்தால. எரிஞ்சு முடிச்சு எவ்ளோ சாம்பல், கட்டி பிடிக்குதான்னு பாருங்க, நிறத்தைப் பாக்காதீங்க. நாலு மூட்டை வாங்கி எரிச்சுப் பாத்துட்டு டன் கணக்குல வாங்குங்க.

கேள்வி: நியூ ஜெர்சி. ஆயிலை விட லாபமா?

பதில்: ஒரு டன், அதாவது 2,000 பவுண்டு, சுமாரா இரண்டரை கோடி பிடியு (சூட்டை அளக்குற அலகு) சூடு. ஆயில்ல அதே சூடு வேணும்னா 180 கேலன் ஆகும். உங்க ஊர் ஆயில் விலையை 180 ஆல பெருக்கி, டெலிவரியோட சேர்த்து டன் விலை எவ்ளோன்னு கேட்டுப் பாருங்க. 40 பவுண்டு மூட்டையா வாங்கினா 50 மூட்டை, லூசா லாரில கொட்டினா விலை குறையும், ஆனா கொட்டி வைக்க இடம் வேணும். தூரம் கூடக் கூட லாரி வாடகை லாபத்தைத் தின்னுடும். தினமும் ரெண்டு வேளை சாம்பல் அள்ளுறதுக்குக் கூலி போட்டுக்காதீங்க, போட்டா கட்டாது.

கேள்வி: கரன்ட் போனா?

பதில்: கையடுப்பு ஓடும். ஸ்டோக்கர் நிக்கும், ஜெனரேட்டர் வேணும்.

கேள்வி: ஹாய் அக்கா, என் அடுப்பு அடிக்கடி அணைஞ்சு போகுது, என்ன காரணமா இருக்கும்?

பதில்: இதே கேள்விக்கு மேல ஒரு பக்கம் எழுதியிருக்கேன் தம்பி.

கேள்வி: படிச்சேன் அக்கா, எல்லாம் சரியாத்தான் பண்றேன். பகல்ல மட்டும்தான் அணையுது, இப்ப ஏப்ரல்ல.

பதில்: அதை முதல்லயே சொல்லக்கூடாதா! வெளிய 50 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டிட்டா சிம்னில இழுவை ரொம்பக் குறைஞ்சிடும், அணையறது ஒரு பக்கம், கேஸ் வீட்டுக்குள்ள திரும்பலாம். சீசனை முடிச்சுக்கோங்க. அப்படியே விட்டுட்டுப் போகாம இந்த வாரமே பைப்பைக் கழட்டி சாம்பலை எல்லாம் வழிச்சு எடுங்க, அந்தச் சாம்பல்ல இருக்கற கந்தகமும் கோடை ஈரமும் சேர்ந்தா ஆசிட், அக்டோபர்ல பாத்தா பைப் சல்லடையா இருக்கும். அடுத்த வருஷக் கரியையும் கோடையிலயே சொல்லி வெச்சுடுங்க, முதல் குளிர் விழுந்தா லாரிக்கு வரிசை கட்டுவாங்க.

ரெடிங் அண்ணா: இப்பத்தான் காத்து அடிக்குது. 0.07 காட்டுது.

பதில்: பாரோ எந்த சைஸ் வாங்கணும்னு நாளைக்குச் சொல்றேன் அண்ணா, பைப் ஆறு இஞ்சா எட்டு இஞ்சான்னு மட்டும் அளந்து வைங்க.