வெக்கை, வறட்சி, திரும்ப வரும் இரத்தம்: மாதவிடாய் நிற்கும் வயதுக் கேள்விகள்

மாதவிடாய் நின்று ஒன்றரை வருஷம். இரவில் மூன்று, நாலு தரம் வெக்கை ஏறி உடுப்பு நனைகிறது. ஹோர்மோன் எடுத்தால் புற்றுநோய் வருமென்று பயம். (உப்புவெளி, வயது 51)

கச்சான் காற்றுக்கு எல்லோருக்கும் வியர்க்கும். நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறி, சில நிமிடத்தில் தணிந்து, பிறகு குளிர்வது வேறு. அதற்கு ஹோர்மோனை விட நன்றாக வேலை செய்யும் மருந்து இல்லை. பயத்தைக் கிளப்பியது 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்கு முன், மாதவிடாய் நின்று 10 வருஷத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலானோருக்கு நன்மைதான் மேல்.

கருப்பை இருந்தால் இந்த ஹோர்மோன்களில் ஒன்றான ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கக்கூடாது. கருப்பையின் உட்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். அதைத் தடுக்கப் புரோஜெஸ்டரோன் என்ற மற்ற ஹோர்மோனும் சேர வேண்டும். இரண்டையும் வருஷக்கணக்கில் எடுத்தால் மார்புப் புற்றுநோய் ஆபத்து சிறிதளவு கூடுவது உண்மை. பருமனானவர்கள் குளிசையை விடத் தோலில் பூசும் ஜெல் அல்லது ஒட்டுப் பட்டையைக் கேட்பது நல்லது. இரத்தம் உறையும் ஆபத்து அதில் குறைவு. மார்புப் புற்றுநோய், பாரிசவாதம், மாரடைப்பு, காலில் இரத்தக்கட்டி வந்தவர்களுக்கு வழக்கமாக இது கொடுப்பதில்லை. ஹோர்மோன் தொடங்கிய முதல் 3 மாதம் இடையிடையே இரத்தம் படலாம். 6 மாதம் தாண்டியும் நீடித்தால் பரிசோதிக்க வேண்டும்.

மார்புப் புற்றுநோய்க்குத் தமொக்சிபென் குடிக்கிறேன். வெக்கைக்கு வழி? (மூதூர், 49)

வென்லபாக்சின், மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து. 37.5 மில்லிகிராமில் தொடங்கி 75க்கு உயர்த்துவது வழக்கம்; பிரஷரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வேறு மருந்துகளான பரொக்சிற்றின், புளுவொக்சிற்றின் வேண்டாம்: தமொக்சிபென் உடலில் செயல்படு மருந்தாக மாறுவதை அவை தடுக்கும். இரவு வியர்வைதான் தொல்லையென்றால் கபாபென்ரின் 300 மில்லிகிராம் படுக்கப்போகும்போது. காலையில் மந்தமாக இருக்கலாம். எதுவானாலும் புற்றுநோய்க் கிளினிக்கில் கேட்டே தொடங்குங்கள். கடையில் விற்கும் சோயாக் குளிசையும் உங்களுக்கு வேண்டாம்.

உறவின்போது எரிவு, அடிக்கடி சலக்கடுப்பு. கேட்க வெட்கமாக இருக்கிறது. (கிண்ணியா, 57)

இது யோனி வறட்சி. வெக்கை தானாகத் தணியலாம், வறட்சி தணியாது, கவனிக்காமல் விட்டால் கூடும். யோனிக்குள் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிறீம் பெரும்பாலும் 2 கிழமை தினமும் இரவில், பிறகு கிழமைக்கு 2 நாள். இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்பதால் புரோஜெஸ்டரோன் தேவையில்லை. பலன் முழுதாகத் தெரிய 12 கிழமை வரை ஆகும். பலரும் மூன்றாம் கிழமையிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். சலக்கடுப்பு வரும் எண்ணிக்கையும் குறையும். வாசனைச் சவர்க்காரத்தை நிறுத்துங்கள். பெண் வைத்தியர் வேண்டுமென்றோ, சுகவனிதையர் கிளினிக்கில் மருத்துவமாதுவிடமோ தயங்காமல் சொல்லலாம்.

நின்று மூன்று வருஷத்துக்குப் பிறகு இரண்டு நாள் இரத்தம் பட்டது. திரும்பத் தொடங்கிவிட்டதா? (தம்பலகாமம், 55)

இல்லை. ஒரு துளியானாலும் இந்தக் கிழமையே பெண்நோயியல் கிளினிக்குக்குப் போங்கள். யோனி வழியாகச் செய்யும் ஸ்கேனில் கருப்பையின் உட்சவ்வு 4 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருந்தால் சிறு துண்டெடுத்துச் சோதிப்பார்கள். பெரும்பாலும் காரணம் வறட்சிதான். ஆனால் புற்றுநோய் இல்லையென்று உறுதி செய்த பிறகே அப்படிச் சொல்லலாம்.

எட்டு மாதமாக வரவில்லை. கருத்தடை இன்னும் வேண்டுமா? (நிலாவெளி, 48)

வேண்டும். ஐம்பதுக்குள் என்றால் கடைசி மாதவிடாயிலிருந்து 2 வருஷம், ஐம்பதுக்கு மேல் 1 வருஷம். வெக்கைக்குக் கொடுக்கும் ஹோர்மோன் கருத்தரிப்பைத் தடுக்காது. ஆணுறை பாவித்தால் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், கிழிந்துவிடும்.