டயர் போகும் தடத்தில் விதை விழலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மக்காச்சோள விதைப்பைப் பற்றித்தான். புரட்டாசி நெருங்குகிறது, வேறு எதைக் கேட்பார்கள்! நான்கு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேட்ட விதம் வேறு வேறாக இருந்தாலும் நான்கிலும் வில்லன் டிராக்டரின் பின் சக்கரம்தான்.

48 எச்.பி. டிராக்டரில் மூன்று வரிசை பிளான்டர் மாட்டிக் கரிசலில் மக்காச்சோளம் விதைத்தேன். நடு வரிசை அருமையாக வந்தது. இரண்டு பக்க வரிசைகளிலும் முளைப்பு குறைவு, முளைத்ததும் குட்டை. விதைத் தட்டை மாற்றிப் பார்த்தாயிற்று. கருவி விற்றவர் விதையைக் குறை சொல்கிறார், விதை விற்றவர் கருவியைக் குறை சொல்கிறார். யாரை நம்புவது?
— குன்னம் வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

இரண்டு பேரையும் விடுங்கள். ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு டிராக்டருக்குப் பின்னால் போய் நில்லுங்கள். இடது பின் டயரின் நடுவிலிருந்து வலது பின் டயரின் நடுவரை எவ்வளவு என்று அளந்து பாருங்கள். வாங்கியதிலிருந்து அதில் கை வைக்கவில்லை என்றால் 135 சென்டிமீட்டர் அளவில் இருக்கும் என்பது என் கணிப்பு.

இப்போது ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போடுவோம். டிராக்டரின் நடுக்கோட்டைப் பூஜ்யம் என்று வையுங்கள். 135-இல் பாதி 67.5. உங்கள் பின் டயர் 13.6-28 என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த 13.6 என்பது அங்குலக் கணக்கில் டயரின் அகலம், அதாவது சுமார் 34.5 சென்டிமீட்டர். ஆக, நடுக்கோட்டிலிருந்து 50-ஆவது சென்டிமீட்டரில் தொடங்கி 85 வரை டயர் மிதிக்கிறது. மக்காச்சோளத்துக்கு வரிசை இடைவெளி 60. மூன்று வரிசையில் நடு வரிசை பூஜ்யத்தில், பக்க வரிசைகள் இருபுறமும் 60-இல். டயர் மிதித்த தடத்துக்கு உள்ளேதான் உங்கள் பக்க வரிசை இரண்டும் விழுகின்றன. நடு வரிசை மட்டும் எந்த டயரும் தொடாத மண்ணில் போகிறது. விதையும் கருவியும் என்ன செய்யும்?

மிதிபட்ட மண்ணில் கொழு போதிய ஆழம் இறங்காது. இறங்கினாலும் கரிசல் ஈரமாக இருந்தால் சாலின் இரண்டு சுவரும் கரண்டியால் பூசியதுபோல வழவழவென்று ஆகிவிடும். விதைக்கு மேல் மண் உதிர்ந்து மூடாது. நான்கு நாள் வெயில் அடித்தால் அந்தச் சால் அப்படியே வாய் பிளக்கும், விதை வெளியே தெரியும். முளைத்த செடிக்கும் வேர் இறங்க வழியில்லை. சந்தேகம் தீர வேண்டுமானால் இந்த வட்டாரத்தில் மூன்று வரிசையில் விதைத்த எந்த வயலிலும், பயிர் இருபது இருபத்தைந்து நாள் ஆனதும், வரிசைகளுக்குக் குறுக்கே முக்கால் அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள். குழியின் சுவரில் பேனாக்கத்தியை மேலிருந்து கீழாக அங்குலத்துக்கு அங்குலம் குத்திக்கொண்டே வாருங்கள். நடு வரிசைக்குக் கீழே கத்தி சுலபமாக இறங்கும். பக்க வரிசைக்குக் கீழே மூன்று நான்கு அங்குலத்தில் நின்றுவிடும். அந்த இடத்தில் வேரும் நேராக இறங்காமல் பக்கவாட்டில் திரும்பித் தட்டையாக ஓடியிருக்கும்.

வைத்தியம் ஸ்பேனரில் இருக்கிறது. பின் சக்கரத்தின் டிஸ்க்கையும் ரிம்மையும் கழற்றித் திருப்பி மாட்டினால் சக்கர இடைவெளியைச் சுமார் பத்துப் பத்து சென்டிமீட்டராகக் கூட்டலாம். டிராக்டரோடு கொடுத்த புத்தகத்தில் படத்தோடு இருக்கும். பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது 180. கச்சிதமாக 180 அமையாவிட்டாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்பின் இருந்தால் பாதகமில்லை. அப்போது டயர் 73-இலிருந்து 107 வரை மிதிக்கும். உங்கள் பக்க வரிசைக்கும் டயருக்கும் நடுவே 12 சென்டிமீட்டருக்கு மேல் நல்ல மண் கிடைக்கும். இன்னொரு லாபமும் உண்டு: மூன்று வரிசை என்றால் ஒரு நடைக்கு 180 சென்டிமீட்டர் அகலம். அடுத்த நடை வரும்போது இந்தப் பக்க டயர் ஏற்கெனவே மிதித்த அதே தடத்தில்தான் போகும். மண் இறுகுவதில் பெரும்பங்கு முதல் மிதியிலேயே நடந்துவிடுகிறது. ஆகவே புது இடத்தை மிதிப்பதைவிட பழைய தடத்தையே இரண்டாவது தரம் மிதிப்பது எவ்வளவோ மேல்.

சக்கரத்தைத் திருப்பும்போது இரண்டு விஷயம். சக்கரத்தை முழுசாக உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்புவதானால் இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றுங்கள். இல்லையென்றால் டயரின் கட்டைகள் எதிர்த்திசையைப் பார்க்கும், சேற்றில் பிடிப்பு இருக்காது. டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் கட்டைகளின் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். அடுத்து, முன் அச்சிலும் போல்ட் துளைகளை மாற்றி முன் சக்கரத்தைப் பின் சக்கரத்தின் தடத்துக்கு முடிந்தவரை நேராகக் கொண்டு வாருங்கள். முன் டயர் ஒல்லி, காற்றும் அதிகம். தனித் தடம் போட்டால் அது தனியாக ஒரு கோட்டை இறுக்கிவிடும். அப்புறம் பிளான்டரின் பக்கச் சங்கிலிகளை இறுக்கிக் கட்டுங்கள். கருவி ஆடினால் நான் போட்ட கணக்கெல்லாம் வீண்.

இதில் ஒரு சங்கடம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. 180-க்கு அகட்டினால் டயர்களின் வெளி விளிம்புக்கு விளிம்பு 214 சென்டிமீட்டர் வரும். 6 அடி ரோட்டாவேட்டர் 183-தான். டயர் தடத்தில் ஒரு பகுதி கொத்துப்படாமல் நிற்கும். விதைப்புக்கு மட்டும் அகட்டி, பிறகு பழையபடி மாட்டுவது ஒரு வழி. அதற்குச் சலிப்பாக இருந்தால், ஒன்பது கொத்துக் கலப்பையிலிருந்து இரண்டு கொத்தைக் கழற்றிப் பிளான்டரின் சட்டத்தில், டயருக்குப் பின்னே பக்க வரிசைக் கொழுவுக்கு முன்னே, பட்டறையில் கிளாம்ப் போட்டு மாட்டச் சொல்லுங்கள். விதை ஆழத்தைவிட இரண்டு அங்குலம் கீழே அது கீறிக்கொண்டு போக வேண்டும். மேலிறுக்கத்துக்கு இது போதும்.

என்னிடம் நான்கு வரிசை மக்காச்சோள பிளான்டர் இருக்கிறது. டயர் தேய்ந்துவிட்டது. 13.6-க்குப் பதில் 16.9 போட்டால் மண் இறுகாது என்று டயர் கடையில் சொல்கிறார்கள். செலவு செய்யலாமா?
— உடுமலை வாசகர், திருப்பூர் மாவட்டம்

வேண்டாம். அகல டயர் அழுத்தத்தைப் பரப்பும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வயலில் அந்த அகலத்துக்கு இடம் எங்கே? நான்கு வரிசையில் நடுக்கோட்டிலிருந்து 30-இலும் 90-இலும் விதை விழும். சக்கர இடைவெளி 135-ஆக இருந்தால் 13.6 டயருக்கும் வெளி வரிசைக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் மிச்சம். 16.9 என்பது சுமார் 43 சென்டிமீட்டர் அகலம். அதைப் போட்டால் 1 சென்டிமீட்டர்தான் மிச்சம். பாரம் ஏறி டயர் பக்கவாட்டில் உப்பினால் அதுவும் போயிற்று. இரண்டு, நான்கு என்று இரட்டைப்படை வரிசை உள்ள கருவிகளுக்கு உள்ளபடி பார்த்தால் 120 சென்டிமீட்டர் இடைவெளிதான் பொருத்தம். அவ்வளவு குறுக இந்த அளவு டிராக்டர்கள் இடம் கொடுப்பதில்லை. ஆகவே உங்கள் டிராக்டரில் எவ்வளவு குறுக முடியுமோ அவ்வளவு குறுக்கி, பழைய 13.6 டயரையே போடுங்கள்.

மிச்சமாகும் பணத்துக்கு ஒரு நல்ல காற்று அளவி வாங்குங்கள், குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டுவதாக. டயருக்குள் எவ்வளவு காற்றழுத்தமோ, ஏறக்குறைய அவ்வளவு அழுத்தம்தான் மேல்மண்ணில் இறங்குகிறது. டிரெய்லர் ஓட்டுவதற்கென்று ஏற்றிய காற்றோடு அப்படியே வயலில் இறங்குகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். விதைப்புக்கு முன் பின் டயரில் காற்று 12 பவுண்டு அளவில் நிற்கும்படி இறக்குங்கள். உங்கள் டயருக்கான அட்டவணை என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சாலையில் பாரம் இழுக்கும் முன் மறுபடி ஏற்ற மறக்காதீர்கள்.

இன்னொன்று, டயரில் தண்ணீர் நிரப்பியிருக்கிறீர்களா? கலப்பை ஓட்டப் பிடிப்பு வேண்டும் என்று முக்கால் டயருக்குத் தண்ணீர் ஏற்றினால், 13.6-28 டயர் ஒன்றில் மட்டும் 150 லிட்டருக்கு மேல் போகும். இரண்டு டயரிலும் சேர்த்து 300 கிலோவுக்கு மேல். பிளான்டர் இழுக்க அந்தப் பிடிப்பு தேவையே இல்லை. காற்றழுத்தத்தால் வரும் இறுக்கம் மேல்மண்ணோடு நிற்கும், கொத்தி எடுத்துவிடலாம். அச்சில் ஏறும் மொத்தப் பாரம்தான் அடிமண் வரைக்கும் இறங்குகிறது. அங்கே கொத்து எட்டாது. தண்ணீரை வெளியேற்றுங்கள், இரும்பு எடைக்கட்டிகளைக் கழற்றி வையுங்கள். அறுவடை முடிந்து கதிர் மூட்டை ஏற்றும்போது டிரெய்லரை வயலுக்குள் கொண்டுபோகாமல் வரப்போரம் நிறுத்துங்கள். பிளான்டர் வருடம் முழுக்கச் செய்யும் கெடுதலை ஈரவயலில் நிற்கும் ஒரு டிரெய்லர் ஒரே மாலையில் செய்துவிடும்.

மழை நின்று எத்தனை நாள் கழித்துக் கரிசலில் டிராக்டரை இறக்கலாம்? அண்டை வயல்காரர்கள் மூன்றாம் நாளே இறக்கிவிடுகிறார்கள்.
— விளாத்திகுளம் வாசகர்

நாள் கணக்கு உதவாது. மழை அளவும் வெயிலும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவா இருக்கின்றன? கரிசல் மேலே காய்ந்து, நடக்கும்போது காலில் ஒட்டாமல் ஏமாற்றும். கீழே களியாகவே இருக்கும். ஆகவே மேல்மண்ணைப் பார்க்காதீர்கள். விதை விழும் ஆழத்துக்கும் கீழே, நான்கைந்து அங்குலத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். பென்சில் கனத்துக்குத் திரியாக உருண்டு வந்தால் டிராக்டர் கொட்டகையிலேயே நிற்கட்டும். உருளாமல் உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது, இறக்குங்கள்.

பருத்தி, சோளம் என்றால் பருவமழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடும் வழக்கம் கோவில்பட்டி வட்டாரத்தில் உங்களுக்குத் தெரிந்ததுதான். காய்ந்த கரிசல் டயரைத் தாங்கும், மழைக்குப் பின் ஈரத்தில் இறங்கும் அவசரமும் இல்லை.

ஏற்கெனவே அடியில் இறுகிப்போன நிலத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் உளிக் கலப்பை: மூன்று வருடத்துக்கு ஒருமுறை, அரை மீட்டர் இடைவெளியில், முதலில் ஒரு திசையிலும் பிறகு குறுக்கேயும். கோடையில் நன்றாகக் காய்ந்த மண்ணில் ஓட்டினால்தான் கட்டி நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் வெண்ணெயில் கத்தி இறங்கிய கதை, கோடு மட்டும்தான் மிச்சம்.

செம்மண்ணில் நிலக்கடலை போடுகிறேன். வரிசை இடைவெளி 30 சென்டிமீட்டர். எப்படிச் சக்கரத்தை வைத்தாலும் ஏதாவது ஒரு வரிசையில் ஏறுகிறது. மகன் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான்.
— திண்டிவனம் வாசகி

உங்கள் மகன் சிரிப்பது நியாயம்தான் அம்மா. 30 சென்டிமீட்டர் சந்துக்குள் 34 சென்டிமீட்டர் டயர் போகவே போகாது. உங்களுக்கு இரண்டு வழிதான். ஒன்று, குன்னம் வாசகருக்குச் சொன்ன கொத்து: டயருக்குப் பின்னால் இரண்டு கொத்து போட்டுத் தடத்தைக் கிளறி, அதில் விதை விழச் செய்வது. கடலைக்கு இது முளைப்போடு முடிகிற விஷயமில்லை. பூ கருவுற்றதும் விழுது மண்ணுக்குள் இறங்க வேண்டும். இறுகின தடத்தில் விழுது மேலேயே நின்று காய்ந்துபோகும், பறிக்கும்போது காயும் அறுந்து மண்ணிலேயே தங்கும். செம்மண் காய்ந்தால் கரிசல்போல வெடித்துத் தானாக இளகவும் செய்யாது.

இரண்டாவது வழி, டயர் போகும் இரண்டு தடங்களையும் விதைக்காமல் விட்டுவிடுவது. ஹைதராபாத் அருகே படான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் கரிசலுக்கென்று உருவாக்கிய அகலப்பாத்தி முறை ஏறத்தாழ இதுதான்: 150 சென்டிமீட்டருக்கு ஒரு சால், நடுவே உயர்ந்த பாத்தி, சக்கரம் சாலோடு சரி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரிசலில் 3 மீட்டர் அகலத்துக்கு எல்லா இயந்திரங்களையும் ஒரே தடத்தில் ஓட்டுகிறார்கள். நமக்கு அந்த அளவெல்லாம் வேண்டாம். சக்கர இடைவெளியை 150-க்கு வைத்து, நடுவே 30 சென்டிமீட்டரில் நான்கு வரிசை போட்டால் நடுக்கோட்டிலிருந்து 45-இல் கடைசி வரிசை முடிந்துவிடும். டயர் 57-இல்தான் தொடங்குகிறது. தடம் மழைநீர் வடியும் சாலாகவும், மருந்து அடிக்க நடக்கும் வழியாகவும் பயன்படும். ஐந்துக்கு நான்கு வரிசைதான் கிடைக்கும் என்று மகன் அடுத்த கணக்கை நீட்டுவார். முதல் வருடம் அரை ஏக்கரில் மட்டும் போட்டு, பக்கத்து அரை ஏக்கரைப் பழைய மாதிரியே விதைத்து, இரண்டையும் தனித்தனிச் சாக்கில் எடை போடச் சொல்லுங்கள்.