புகாரை வெறுப்புக் குற்றமாக மாற்றிப் பதிய முடியுமா?

முடியும். நியூயார்க் சுரங்க ரயில் நடைமேடையில் "சீனாவுக்கே திரும்பிப் போ" என்று கத்தியபடி உங்கள் தோழியைத் தள்ளியவர் மீதான புகார் சாதாரணத் தொந்தரவு என்று பதிவாகியிருந்தால், நகரக் காவல்துறையின் வெறுப்புக் குற்றப் பிரிவு அதை மறு ஆய்வு செய்யும்படி எழுத்து மூலம் கேளுங்கள்.

பெரும்பாலும் அந்த வசவு முதல் அறிக்கையில் ஏறாமல் போயிருக்கும். அவசரத்தில் எழுதும்போது இப்படி விடுபடுவதுண்டு. 2000ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி, இனத்தைக் காரணமாகக் கொண்டே தாக்கினார் என்று காட்ட அந்தச் சொற்களே வலுவான சான்று. ஆகவே புகாரின் நகலை வாங்கி, அவை சொன்னபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் தோழியைக் கூடுதல் வாக்குமூலம் கொடுக்கச் சொல்லுங்கள். நிலையத்தின் கேமரா பதிவையும் அழிவதற்குள் கேட்டுவிடுவது நல்லது.

ஒன்று: கை வைக்காமல் வெறுமனே திட்டியிருந்தால், அது பொதுவாகக் குற்ற வழக்காக நிற்காது.