நாலு வயதுக் குழந்தைக்கு அன்றாட வாழ்க்கையிலேயே கணக்கை எப்படிச் சுவாரசியமாக்குவது?

மகன் இருபது வரை கடகடவென்று சொல்கிறான், அடுத்து கூட்டல் ஆரம்பிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். டப்பாவிலிருந்து ஐந்து பட்டன் எடுத்துவரச் சொல்லுங்கள்.

என் மகளும் மூன்றரை வயதில் இருபது வரை ஒப்பிப்பாள். ஐந்து கேட்டால் கை நிறைய அள்ளிக்கொண்டு வருவாள். எண்ணச் சொன்னால் விரல் வைத்து அழகாக எண்ணுவாள். "சரி, மொத்தம் எத்தனை?" என்றால் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்குவாள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வோர் எண்ணின் அளவையும் குழந்தைகள் மாதக்கணக்கில்தான் உள்வாங்குகிறார்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது, எண்ணிக்கை தப்பினால் அவளுக்கே தெரிந்துவிடும் மாதிரியான வேலைகள். சாப்பிடும் நேரத்தில் ஆளுக்கொரு தட்டு வைப்பது அவள் பொறுப்பு. ஒரு தட்டு குறைந்தால் நான் எதுவும் சொல்ல மாட்டேன். தட்டில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்துவிட்டு அவளே ஓடுவாள். கொஞ்ச நாளில், "இன்னும் ரெண்டு பேர் வந்தா எத்தனை தட்டு வேணும்?" என்று கேட்க ஆரம்பித்தேன். நீங்கள் கேட்ட கூட்டல் அதுதான்! துவைத்த காலுறைகளை ஜோடி சேர்ப்பதும் அப்படித்தான். ஒற்றையாக ஒன்று மிஞ்சினால் வீடு முழுக்கத் தேடுவாள்.

விளையாட்டு என்றால் பகடை உருட்டிக் கட்டம் நகர்வதைத்தான் முதலில் சொல்வேன். கீதா ராமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட நேர்வரிசைக் கட்டங்களில் சிறு குழந்தைகளை விளையாட வைத்தார்கள். இரண்டு வாரத்தில் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்தான். அதற்கே அவர்களின் எண்ணறிவு நன்றாக முன்னேறியது. எண்ணுக்குப் பதில் வண்ணம் மட்டும் இருந்த கட்டங்களில் விளையாடிய குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஒரு தாளில் பத்துக் கட்டம் கிழித்து நீங்களே செய்துவிடலாம். காய் ஐந்தில் நின்று, பகடையில் இரண்டு விழுந்தால், "ஒன்று, இரண்டு" என்று எண்ணாமல் "ஆறு, ஏழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தப் பழக்குங்கள். அந்த ஆய்விலும் அப்படித்தான் செய்தார்கள்.

பயிற்சித்தாள்களை இந்த வயதில் நான் எடுக்கவே மாட்டேன். எழுதும் சிரமத்தையே கணக்கின் சிரமம் என்று குழந்தை நினைத்துவிடும்.

அப்புறம், இருபத்தொன்பதுக்கு அடுத்து உங்கள் மகன் என்றாவது "இருபத்திப்பத்து" என்று சொல்வான். தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். எண்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதை அவனாகவே கண்டுபிடித்திருக்கிறான். "ஆமா, இருபதும் பத்தும்தான்! அதுக்கு முப்பதுன்னு பேர்" என்று சொல்லுங்கள்.