எலிக்கு ஒரு மருந்து, கினிப் பன்றிக்கு ஒரு மருந்தா?

குளச்சலில் வாங்கிய சூரை மீனைத் தின்றதும் உடம்பு தடித்ததாகவும், செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையில் அடங்கியதாகவும் சொல்லி, இந்த மாதிரி அலர்ஜி மருந்துகளை விலங்குகளில் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

உங்களுக்கு வந்தது அநேகமாக அலர்ஜியே இல்லை. ஐஸ் சரியாகப் போடாத சூரையில் பாக்டீரியா ஹிஸ்டமினை (அலர்ஜியின்போது நம் உடம்பே வெளியிட்டுத் தடிப்பை உண்டாக்கும் ரசாயனம்) உண்டாக்கிவிடும். குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் அது போகாது.

ஆய்வகத்திலும் இதே மாதிரி ‘போலி அலர்ஜி’தான். எலிக்கு முட்டை வெள்ளைக்கருவையோ டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரை வகைப் பொருளையோ ஊசியில் ஏற்றினால், அதற்கு முன் பழக்கமே இல்லாவிட்டாலும் பாதமும் மூக்கும் வீங்கும். பாதத்தைத் திரவத்தில் முக்கி, எவ்வளவு திரவம் விலகுகிறது என்று வீக்கத்தை அளப்பார்கள்.

சிக்கல் இங்கேதான். எலியின் மாஸ்ட் செல்களில் (ஹிஸ்டமினைச் சேமித்து வைத்திருக்கும் செல்கள்) ஹிஸ்டமினோடு செரட்டோனின் என்ற இன்னொரு ரசாயனமும் உண்டு. அதன் வீக்கத்துக்குப் பெரிய காரணம் செரட்டோனின். ஆகவே வெறும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து அங்கே அவ்வளவாக எடுபடாது. இரண்டையும் தடுக்கும் சைப்ரோஹெப்டடின் கொடுத்தால் வீக்கம் நன்றாகக் குறையும். கினிப் பன்றி நேர் எதிர்: ஹிஸ்டமின் பட்டாலே மூச்சுக்குழாய் இறுகிவிடும், அங்கே ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து உயிரையே காக்கும். (நம் மாஸ்ட் செல்களில் செரட்டோனின் மிகக் குறைவு.)

குரோமோகிளைகேட் என்ற அலர்ஜி மருந்து வேறு ரகம். மாஸ்ட் செல் ஹிஸ்டமினை வெளியே கொட்டுவதையே தடுப்பதால் முன்கூட்டியே கொடுத்தால்தான் பலன். வீங்கிய பிறகு கொடுத்துப் பிரயோஜனமில்லை.