டிசம்பர் விடுப்பும் ‘ஐ விஷ்’ஷும்

தங்கைக்கு வணக்கம். இங்கிலாந்துக்கு வந்து மருத்துவமனை வேலையில் சேர்ந்த புதிதில், வார்டு சிஸ்டரிடம் ‘ஐ விஷ் ஐ வில் கெட் லீவ் இன் டிசம்பர்’ என்றீர்களாம். அவர் ஒரு கணம் விழித்தாராம். ‘விஷ்’ வந்தால் அடுத்து இறந்தகாலம் என்று பள்ளியில் படித்தோமே, இனிமேல் வரப்போகும் விடுப்புக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த இறந்தகாலத்தைக் கண்டு மிரள வேண்டாம். வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே ‘இதோ வந்துவிட்டேன்’ என்று போனில் சொல்கிறவர்கள் நாம். விரைவைக் காட்டக் காலம் மாற்றிச் சொல்லலாம் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது. ஆங்கிலக்காரர் மாற்றுவது விரைவுக்காக அல்ல, ‘நிலைமை இப்படி இல்லையே’ என்று காட்ட. ‘ஐ விஷ் ஐ ஹேட் எ கார்’ என்றால் இன்று கார் இல்லை. முன்பு இருந்ததா என்ற பேச்சே அதில் கிடையாது. டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்போது ‘ஐ விஷ் இட் வாஸன்ட் ஸோ டார்க்’ என்று நீங்களே புலம்பப் போகிறீர்கள். அங்கே ‘வேரன்ட்’ என்பதுதான் இலக்கணச் சுத்தம் என்பார்கள். தேர்வில் அப்படியே எழுதுங்கள். இங்கேயே வளர்ந்த என் பிள்ளைகள் வீட்டில் ‘வாஸன்ட்’ என்றுதான் சொல்கிறார்கள்.

உங்கள் விடுப்புக்கு வருகிறேன். ரோட்டா, அதாவது யாருக்கு எந்த நாள் பணி என்ற பட்டியல், இன்னும் போடவில்லை என்றால், கிடைத்தாலும் கிடைக்கலாம். அதற்கு ‘விஷ்’ எதற்கு? ‘ஐ ஹோப் ஐ கெட் லீவ் இன் டிசம்பர்’ போதும். ‘ஹோப்’ என்று தொடங்கினால் உங்கள் ‘வில்’லைக்கூட வைத்துக்கொள்ளலாம். சிஸ்டரிடமே கேட்பதானால் ‘ஐ வாஸ் ஹோப்பிங் டு டேக் எ வீக் ஆஃப்’ என்று ஆரம்பியுங்கள். இங்கேயும் இறந்தகாலம்தான், ஆனால் பணிவுக்காக. மறுப்பதற்கு அவருக்கு இடம் விட்டுக் கேட்கிறீர்கள். படிவங்களில் வரும் ‘இஃப் யூ விஷ் டு’ என்பது ‘விரும்பினால்’ என்பதன் விறைப்பான வடிவம், அதை அங்கேயே விட்டுவிடுங்கள். சரி, ரோட்டா வந்து கிறிஸ்துமஸ் அன்று இரவுப் பணியில் உங்கள் பெயர் ஏறிவிட்டதா? அப்போது சொல்லுங்கள், ‘ஐ விஷ் ஐ வாஸன்ட் வொர்க்கிங் அட் கிறிஸ்துமஸ்’ என்று. நாள் இனிமேல்தான் வரும், விஷயம் முடிவாகிவிட்டது.

‘விஷ்’ஷோடு ‘வுட்’ சேரும் இடத்தில்தான் வம்பு. ‘ஐ விஷ் இட் வுட் ஸ்டாப் ரெயினிங்’ என்று மழையைத் திட்டலாம், மழை கோபித்துக்கொள்ளாது. மனிதரிடம் ‘ஐ விஷ் யூ வுட் ஆன்ஸர் மை ஈமெயில்ஸ்’ என்றால் அது வேண்டுகோள் ஆகாது. ஏன் இத்தனை நாள் பதில் போடவில்லை என்று முகத்துக்கு நேரே குறை சொல்வது. ‘வுட்’ வந்தாலே மரியாதை என்று நம்பி நம்மவர்கள் வாடகை வீட்டின் உரிமையாளரிடமும் மேலதிகாரியிடமும் இதைச் சொல்லி, அவர் முகம் ஏன் சுருங்கியது என்று தெரியாமல் திரும்புகிறார்கள். கேட்க வேண்டியதை ‘குட் யூ’ என்று கேளுங்கள். கூடத் தங்கியிருக்கும் பெண் சாம்பார்ப் பாத்திரத்தை சிங்க்கில் போட்டுவிட்டு இரண்டு நாளாகத் திரும்பியே பார்க்கவில்லை என்றால், அப்போது எடுங்கள் ‘ஐ விஷ் யூ வுட்’டை.

தன்னைப் பற்றிச் சொல்லும்போது ‘ஐ விஷ் ஐ வுட்’ என்பதில்லை, ‘ஐ விஷ் ஐ குட்’தான். இதைப் பேசுவதைவிடக் காதில் சரியாக வாங்குவது முக்கியம். வீட்டு விருந்துக்கு அழைப்பீர்கள். முகமெல்லாம் மலர ‘ஓ, ஐ விஷ் ஐ குட்!’ என்பார்கள். வரமாட்டார்கள். அவர்களைக் கணக்கில் சேர்த்துப் பிரியாணிக்கு அரிசி ஊறவைக்க வேண்டாம். ‘ஐ ஹோப் ஐ கேன் மேக் இட்’ என்றவர்களுக்கு மட்டும் ஒரு பிடி கூடுதலாகப் போடுங்கள்.